ஐம்பது மில்லிக்குக் கீழே

என் வலது விலாவில், அக்குளுக்கு ஒரு சாண் கீழே, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. மழை நாளில் லேசாகக் குத்தும். மற்றபடி இருப்பதே தெரியாது. அதன் வழியாகப் பதினான்கு நாள் ஒரு குழாய் போட்டிருந்தார்கள். அந்த நாட்களை எழுதி வைக்கச் சொன்னது என் தம்பி மகள் திவ்யா. "எழுதுங்க அத்தை. படிச்சுட்டு வேற யாராவது இதே மாதிரி பண்ணாம இருப்பாங்க" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் தெரியும்.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். மிஷினிலிருந்து வரும் பாகத்தை அளந்து, சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லாவிட்டால் சிவப்புச் சீட்டு ஒட்டுவது என் வேலை. ஆப்பரேட்டர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'சிவப்பு மேடம்'. அளக்காமலேயே நாற்காலியில் சாய்ந்துகொண்டு அளவு எழுதுகிறவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆடுகோடியில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் தனியாக இருக்கிறேன். தம்பி ரவி அல்சூரில் மனைவி ஹேமாவோடும் மகள் திவ்யாவோடும் இருக்கிறான். வேறு நெருங்கிய உறவு இல்லை.

முதலில் வெறும் இருமல்தான். மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கினேன். ஐந்து நாள் போட வேண்டியதை மூன்றாம் நாள் சரியாகிவிட்டதென்று நிறுத்தினேன். அடுத்த வாரம் காய்ச்சல் திரும்பி வந்தது. கூடவே வலது பக்கம் மூச்சை இழுக்கும்போதெல்லாம் ஊசியால் தைப்பது போல ஒரு வலி. கம்பெனி பஸ்ஸில் குழி வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் பத்துப் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. கம்பெனி டாக்டர் முதுகில் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். ஆட்டோ பிடித்து நானே போனேன்.

அட்மிஷன் கவுண்டரில் இருந்த பையன் தலையைத் தூக்காமல், பேஷண்ட் எங்கே என்று கன்னடத்தில் கேட்டான். "பேஷண்ட் எல்லி மேடம்?"

"நான்தாம்பா."

"கூட யாரு வந்திருக்காங்க?"

"அதுவும் நான்தான்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு மஞ்சள் அட்டையை நீட்டினான். அட்டெண்டர் கார்டு. ஒரு நோயாளிக்கு ஒன்று. அதைக் கையில் வைத்திருப்பவரைத்தான் வார்டுக்குள் விடுவார்கள். பார்வையாளர் நேரத்திலும் அது இல்லாமல் நுழைய முடியாது. "தொலைச்சுடாதீங்க. எப்பவும் பேஷண்ட்கிட்டயே இருக்கணும், வர்றவங்க போகும்போது திருப்பிக் கொடுத்துட்டுப் போகணும்" என்றான். வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தேன். ஒன்பது நாள் அது அங்கேயே கிடந்தது.

என்ன நோய் என்பதை டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உண்டு. ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போக நடுவில் ஒரு ஸ்பூன் அளவுக்கு நீர் இருக்கும். நிமோனியாவை அரைகுறையாக விட்டால் அந்த இடத்தில் நீர் கூடும், அதில் கிருமி இறங்கினால் சீழாகும். எம்பையீமா என்று பெயர். உள்ளே இடம் அடைத்துக்கொள்வதால் நுரையீரல் விரிய வழியில்லாமல் சுருங்கி ஒரு மூலையில் ஒட்டிக்கொள்ளும். ஊசி போட்டு எடுத்துக் காட்டினார்கள். பருப்புக் கடைசல் நிறத்தில் இருந்தது. ஊசிமருந்து மட்டும் போதாது, சீழ் வெளியே வந்தாக வேண்டும் என்றார்.

அன்று சாயங்காலமே விலாவில் மரத்துப்போகும் ஊசி போட்டு, இரண்டு எலும்புக்கு நடுவே என் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு குழாயை உள்ளே தள்ளினார்கள். வலிக்காது, அழுத்தம் மட்டும் தெரியும் என்று சொன்னார்கள். வலித்தது. குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில், தண்ணீருக்குள் முங்கி இருக்கும். உள்ளே இருப்பது வெளியே வரலாம், வெளிக்காற்று உள்ளே போக முடியாது. நான் மூச்சு விட விடக் குழாயில் தண்ணீர் ஏறி இறங்கும். பாட்டில் எப்போதும் மார்புக்குக் கீழே இருக்க வேண்டும், தூக்கினால் வந்தது உள்ளே திரும்பிவிடும். இதை எனக்கு நாலு தரம் சொன்னார்கள். கழிப்பறைக்குப் போகும்போது பாட்டிலைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, பால் வாங்கப் போகிறவள் மாதிரிப் போய்வருவேன்.

காலை ஆறு மணிக்கு பிந்து சிஸ்டர் வந்து பாட்டிலில் ஒட்டிய பேப்பர் டேப்பில் கோடு போட்டு அளவை எழுதுவார். கேரளத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். சனிக்கிழமை தொள்ளாயிரம் மில்லி. ஞாயிறு முன்னூற்று இருபது. திங்கள் நூற்றெண்பது. எண் குறையக் குறைய எனக்கு ஆசை கூடியது. திங்கட்கிழமை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் கேட்டேன், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று.

"ரெண்டு நாள் சேர்ந்தாப்பல ஐம்பது மில்லிக்குக் கீழ வரட்டும் மேடம். எக்ஸ்ரே பார்த்து டியூபை எடுத்துட்டு அனுப்பிடறேன்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆயிடுமா?"

"அதை உங்க நுரையீரல்தான் சொல்லணும்" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை திவ்யாவுக்கு நிச்சயதார்த்தம். எங்கள் வீட்டு வழக்கப்படி பெண்ணுக்கு அத்தைதான் முதலில் பூ வைக்க வேண்டும். நான் ஒருத்திதான் அத்தை. ரவியிடம், "கம்பெனி ஆடிட்டுக்காக புனே வந்திருக்கேன். சனிக்கிழமை வந்துடுவேன்" என்று போனில் சொல்லியிருந்தேன். குரல் ஏன் அடைத்திருக்கிறது என்றான். ஏசி என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். விசேஷம் நின்றுவிடக் கூடாதென்று நினைத்தேன் என எல்லோருக்கும் பதில் சொன்னேன். அது பாதி உண்மை. மீதியை இங்கேதான் எழுதுகிறேன். சொல்லி, அவர்கள் வராமல் போயிருந்தால் என்ன செய்வது என்ற பயம். சொல்லாதவரை வராதது யார் குற்றமும் இல்லை. சொல்லிவிட்டால் அப்புறம் ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்க்க வேண்டியிருக்கும். ஊருக்கெல்லாம் ஓடி ஓடிச் செய்தவளுக்கு, நமக்கு என்று ஒருவர் வருவாரா என்று சோதித்துப் பார்க்கத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரியில் ராத்திரிதான் கொடுமை என்பார்கள். எனக்கு அப்படி இல்லை, ராத்திரியில் எல்லோரும் தனியாகத்தான் இருக்கிறார்கள். மாலை நான்கிலிருந்து ஆறு வரை, பார்வையாளர் நேரம்தான் எனக்குக் கொடுமை. பக்கத்துக் கட்டிலில் ஷாஹிதா என்று என் வயதுப் பெண், ஆஸ்துமா. நான்கு அடித்ததும் அவருடைய ஆட்கள் அந்த ஒரே கார்டைக் கைமாற்றிக் கைமாற்றி ஒவ்வொருவராக ஏறி வந்துவிடுவார்கள். செக்யூரிட்டியை எப்படிச் சரிக்கட்டினார்களோ, எப்போதும் மூன்று பேராவது இருப்பார்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ஸ்டூல்தான். முதல் நாள் அவருடைய மகன் இம்ரான், "ஆன்ட்டி, உங்களுக்கு யாராவது வர்றாங்களா? இல்லாட்டி இதை எடுத்துக்கவா?" என்று என் ஸ்டூலைக் காட்டிக் கேட்டான். எடுத்துக்கோப்பா என்றேன். இரண்டாம் நாளும் கேட்டான். மூன்றாம் நாளிலிருந்து கேட்காமலே எடுத்துக்கொண்டான். அவன்மேல் தப்பில்லை. கேட்காமல் எடுத்த அன்று நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஷாஹிதா ஒரு நாள் கேட்டார். "உங்க ஆளுங்கள்லாம் எங்கம்மா இருக்காங்க?"

"புனேல" என்றேன். நான் புனேயில் என்று அவர்களுக்குச் சொல்லியாயிற்று, அவர்கள் புனேயில் என்று இவருக்கும் சொல்லியாயிற்று.

"ஐயோ, அவ்ளோ தூரமா" என்று டப்பாவைத் திறந்து இரண்டு சமோசா வைத்தார். காய்ச்சல் வாய்க்குக் காரம் நன்றாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அளவு நூற்று அறுபது. இந்த வேகத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்காது என்று தெரிந்துவிட்டது. அன்று இரவு வலிக்கு ஊசி போட்டதில் அசந்து, குழாய் இருக்கிற பக்கமே ஒருக்களித்துத் தூங்கிவிட்டேன். காலையில் பிந்து சிஸ்டர், "சுமதி மேடம், முப்பதுதான்! சூப்பர்" என்று தட்டி எழுப்பினார். எழுந்து பார்த்தபோது குழாய் என் இடுப்புக்கு அடியில் உடைந்த குடையின் கம்பி மாதிரி மடங்கிக் கிடந்தது. அவர் பார்ப்பதற்குள் போர்வையை இழுத்து மூடினேன். சரியான அளவு இல்லை என்பது இருபத்தாறு வருடம் அளந்த எனக்குத் தெரியாதா? தெரிந்தது. இன்னும் ஒரு நாள் போதும் என்பதும் தெரிந்தது.

மறுநாள் இரவு தெரிந்தே அந்தப் பக்கம் படுத்தேன். குழாய் நகராமல் தையல் போட்ட இடம் தீயாய் எரிந்தது. குழாயை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்து, ஆறு மணி வரை அசையவில்லை. வியாழக்கிழமை அளவு இருபது. பச்சைச் சீட்டு.

"தண்ணி ஆடலையே, கொஞ்சம் இருமுங்க" என்றார் சிஸ்டர். இருமினேன். குழாயில் தண்ணீர் அசையவில்லை. நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டாலும் தண்ணீர் ஆடாது, குழாய் அடைத்துக்கொண்டாலும் ஆடாது. நல்லதாகத்தான் இருக்கும் என்று அவரும் நினைத்தார். அவர் போனதும் நான் குழாயை நேராக்கி விட்ட பிறகும் ஒரு சொட்டு வரவில்லை. அதைப் பார்த்து நான் பயந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்ட வேண்டிய சேலையை யோசித்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் குளிர ஆரம்பித்தது. காய்ச்சல் நூற்றிரண்டு.

வெள்ளிக்கிழமை எக்ஸ்ரே எடுத்தார்கள். ரவுண்ட்ஸில் டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மேலும் கீழும் பார்த்தார். வலது பக்கம் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. பிறகு கட்டில் ஓரத்தில் வந்து நின்றார்.

"மேடம், பாட்டில்ல ஒண்ணும் வரல. ஆனா உள்ள நிறைய இருக்கு. அப்படின்னா சீழ் கெட்டியாகி, நுரையீரல் மேல தோல் மாதிரி படிஞ்சிருக்கும்னு தோணுது. அதை ஆபரேஷன் பண்ணித்தான் உரிச்சு எடுக்கணும். திங்கட்கிழமை வச்சுக்கலாம். உங்க ஃபேமிலி யாரையாவது வரச் சொல்லுங்க, பேசணும்."

கூட நின்ற மூன்று இளம் டாக்டர்கள் குறிப்பு எழுதிக்கொண்டார்கள். நான் கொடுத்த இருபதையும் முப்பதையும் வைத்துத்தான் அவர் கணக்குப் போட்டார். தப்பான அளவைக் கொடுத்தால் நல்ல பாகத்தைக்கூட உடைத்துப்போடுவார்கள். இதே வார்த்தையைச் சொல்லி எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! மார்பைத் திறப்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம், இத்தனை பேர் முன்னால் வாயைத் திறக்க வேண்டிய வெட்கம் ஒரு பக்கம். எது பெரிது என்று முடிவு செய்வதற்குள் டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

"டாக்டர், அந்த ரீடிங் தப்பு."

திரும்பினார்.

"ரெண்டு நாளா நான் டியூபை மடிச்சு வச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். சிஸ்டர் மேல தப்பில்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள வீட்டுக்குப் போகணும்னு நான்தான்..." அழுதேன். அழுதால் விலா வலித்தது, அதனால் சிறிது சிறிதாக அழ வேண்டியிருந்தது.

டாக்டருக்குக் கோபம் வந்தது, முகம் சிவந்தது. ஆனால் கத்தவில்லை. "என்ன வேலை பண்றீங்க மேடம்?"

"குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன்."

"உங்க கம்பெனியில ஒருத்தன் இப்படிப் பண்ணா?"

"மெமோ கொடுப்பேன்."

"சரி. மெமோ கொடுத்தாச்சுன்னு வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தார். மடங்கிய இடத்தில் சீழ் கெட்டியாகி அடைத்திருந்தது. உப்புத் தண்ணீர் செலுத்தித் திறந்தார்கள். பிறகு அன்றே ஸ்கேன் பார்த்தார்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரித் தடுப்புகள் உண்டாகி, சீழ் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்திருந்தது. அந்த வலையைக் கரைக்கிற மருந்து ஒன்று உண்டு, குழாய் வழியாக உள்ளே விட்டு, இரண்டு மணி நேரம் மூடி வைத்துத் திறப்பார்கள். மூன்று நாள் போட்டுப் பார்க்கலாம், திங்கட்கிழமை படத்தில் நுரையீரல் விரிந்திருந்தால் ஆபரேஷன் வேண்டாம் என்றார். விரியாவிட்டால் வேறு வழியில்லை. "எதுக்கும் ஃபேமிலியைக் கூப்பிடுங்க. இனிமே ரீடிங் மட்டும் இல்ல, எல்லாத்தையும் உண்மையாச் சொல்லுங்க."

பிந்து சிஸ்டர் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. அது எனக்கு மெமோவைவிட வலித்தது.

மதியம் ரவிக்குப் போன் செய்தேன். பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தான் போல, பின்னால் சத்தம். புனேயில் இல்லை, ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், குழாய் போட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை ஆபரேஷன் ஆனாலும் ஆகலாம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். மூச்சு அதற்குத்தான் இருந்தது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றான். சொன்னேன்.

"சரிக்கா. நான் அப்புறம் பண்றேன்."

வைத்துவிட்டான். அப்புறம் போன் வரவில்லை. மாலை நான்கு மணிக்கு ஷாஹிதாவின் ஆட்கள் வந்தார்கள், ஸ்டூல் போயிற்று. சனிக்கிழமையும் போன் வரவில்லை. ஹேமாவோ திவ்யாவோ யாரும் கூப்பிடவில்லை. மருந்தை உள்ளே விட்டுக் குழாயை மூடியதும், அது எல்லாப் பக்கமும் பரவ, கால் மணிக்கு ஒரு தரம் புரண்டு படுக்கச் சொன்னார்கள். இடது, மல்லாக்க, வலது, மறுபடி இடது. இடது பக்கம் திரும்பும்போது வாசல் தெரியும். நான் எதற்குப் பயந்தேனோ அதைத்தான் இரண்டு நாள் செய்தேன், வாசலைப் பார்த்தேன். பயந்தது சரிதான் என்று அப்போது நினைத்தேன். அத்தனை தனிமையை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. தனியாக இருப்பது எனக்குப் பழக்கம். எதிர்பார்த்துக்கொண்டு தனியாக இருப்பது பழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. பிந்து சிஸ்டர் குனிந்து பாட்டிலைப் பார்த்தார், கோடு போட்டார். "அறுநூத்தி நாற்பது" என்றார். இரண்டு நாளில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. பார்க்கச் சகிக்காத பழுப்பு நிறம். அவ்வளவும் உள்ளே இருந்தது, அவ்வளவும் வெளியே வந்தது. தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "ஆடுது பாருங்க" என்று காட்டிவிட்டுப் போர்வையைச் சரிசெய்தார். திவ்யாவுக்கு இந்நேரம் தலை பின்னிக்கொண்டிருப்பார்கள்.

திங்கட்கிழமை படம் நன்றாக வந்தது, ஆபரேஷன் தேவைப்படவில்லை. படிக்கிறவர்கள் பதற வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை அது எனக்குத் தெரியாது.

ஐந்தரைக்குப் போன் அடித்தது. ரவி.

"அக்கா, மூணாவது மாடில கேட் வாசல்ல நிக்கிறேன். விடமாட்டேங்கிறான். ஏதோ கார்டு வேணுமாம்."

யாரையாவது அனுப்பியிருக்கலாம். தோன்றவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து கார்டை எடுத்தேன், இன்னொரு கையில் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நானே நடந்தேன். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் பட்டு வேட்டி, நெற்றியில் குங்குமம், சட்டையெல்லாம் சந்தனத் தெளிப்பு. என் கையைப் பார்த்தான், கையில் இருந்ததைப் பார்த்தான். கார்டை வாங்கிக் காட்டிவிட்டு உள்ளே வந்ததும் முதல் வேலையாகப் பாட்டிலை என்னிடமிருந்து வாங்கி, இது என்ன என்று பார்க்க முகத்துக்கு நேரே தூக்கினான்.

"தூக்காதடா! கீழ பிடி, கீழ!" வார்டே திரும்பிப் பார்த்தது. பயந்து முழங்காலுக்குக் கீழே இறக்கிக்கொண்டு, அப்படியே குனிந்தபடி கட்டில் வரைக்கும் நடந்து வந்தான்.

ஸ்டூல் ஷாஹிதாவின் பக்கம் இருந்தது. "இம்ரான், அந்த ஸ்டூல் வேணும்பா" என்றேன். அவன் துள்ளி எழுந்தான். ஷாஹிதா, "புனேலேந்து வந்துட்டாங்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். ரவி என்னைப் பார்த்தான்.

"இவங்ககிட்டயும் புனேவா?"

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். குழாயில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்தான்.

"ரெண்டு நாளா யார்கிட்டயும் சொல்லலக்கா. ஹேமாகிட்ட சொன்னா அந்த நிமிஷமே எல்லாத்தையும் நிறுத்திடுவா. திவ்யா பந்தல்ல உக்கார மாட்டா. வந்தவங்க அத்தனை பேரும் உங்கக்கா எங்கன்னு கேட்டாங்க. ஆடிட்டு, புனேன்னு சொன்னேன். நீ சொன்ன பொய்யை நூறு பேருக்கு நான் சொன்னேன். உனக்குப் போன் பண்ணா குரல் உடைஞ்சிடும்னு பண்ணல." அவன் குரல் இப்போது உடைந்தது. "உனக்கு நான் என்னதான்க்கா? பக்கத்து வீட்டுக்காரனா?"

"பூ யார் வச்சா?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை பக்கத்து அத்தை வச்சாங்க. நம்ம பக்கத்துப் பூ..." ஜோல்னாப் பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தான். மல்லிகை, பாதி வாடியிருந்தது. "எல்லாரும் போனப்புறம் ரெண்டு பேருக்கும் சொன்னேன். அழுதுட்டு இருக்காங்க. நாளைக்கு வருவாங்க. நீயே வச்சுவிடு."

வார்டுக்குள் பூ கொண்டுவரக் கூடாது. பிந்து சிஸ்டர் பொட்டலத்தைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

ஆறு மணிக்கு மணி அடித்தது. ஷாஹிதாவின் ஆட்கள் கிளம்பினார்கள். ரவி பாட்டில் கட்டிலுக்குக் கீழே சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு எழுந்தான். அவனுடைய சட்டைப் பையில் மஞ்சள் கார்டின் ஓரம் வெளியே தெரிந்தது. போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எதையும் யாருக்கும் ஞாபகப்படுத்தாமல் விட்டவள் இல்லை நான். கதவு வரைக்கும் அவன் போவதைப் பார்த்தேன், சொல்லவில்லை.